மெய்போல் தோன்றினால் போதுமா?

நுழையும்முன்

தொலைக்காட்சித் திரையோடு இணைத்து விளையாடும் காணொளி விளையாட்டுப் பெட்டிகளை நாம் கன்சோல் என்கிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கன்சோல் சந்தைக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் "முன்னையதைவிட இதில் காட்சி உண்மைபோலவே இருக்கும்" என்று விளம்பரம் செய்யப்படுகிறது. அந்த உண்மைத் தோற்றம் இன்னும் வளர வேண்டுமா, அல்லது வளர்ச்சி வேறு திசையில் திரும்ப வேண்டுமா? இவ்வினாவுக்கு ஒரு கருத்தை முன்வைத்து, அதற்குரிய சான்றுகளையும் எதிர்வாதங்களையும் ஆராய்கிறது இக்கட்டுரை. படித்தபின் இதனை ஏற்கவும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

புள்ளியிலிருந்து உருவம்

1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'மேக்னவாக்ஸ் ஒடிசி' என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. வீட்டில் வைத்து விளையாடும் கன்சோல்களுள் அதுவே முதலாவது. கறுப்புத் திரையில் சில வெள்ளைச் சதுரங்களையும் ஒரு கோட்டையும் மட்டுமே அதனால் காட்ட முடிந்தது. ஆடுகளமோ காடோ வீடோ வேண்டுமெனில், வண்ணம் தீட்டிய ஒளிபுகும் நெகிழித்தாளைத் தொலைக்காட்சித் திரையின்மீது ஒட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சியதை ஆடுவோரின் கற்பனையே நிரப்பியது.

1977இல் வந்த 'அட்டாரி 2600' கருவியின் நினைவகம் 128 பைட்டுகளே. ஒரு பைட்டில் ஓர் ஆங்கில எழுத்தைப் பதியலாம் என்று கொண்டால், நீங்கள் இப்போது படிக்கும் இப்பத்தியைக்கூட அந்த நினைவகத்தில் அடக்க இயலாது. அத்துணைச் சிறிய இடத்தைக் கொண்டே அக்கால வல்லுநர் கோடிக்கணக்கானோரை மகிழ்வித்தனர்.

இவற்றோடு ஒப்பிட்டால், 2020ஆம் ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய கன்சோல்களை மாயப் பெட்டிகள் என்றே சொல்லலாம். நீரில் விழும் ஒளி, கண்ணாடியில் தெரியும் நிழல், முகத்தில் ஓடும் சுருக்கம் ஆகிய அனைத்தையும் அவை வரைந்து காட்டுகின்றன. கிராபிக்ஸ் என்று நாம் வழங்கும் வரைகலை அரை நூற்றாண்டில் அடைந்த இவ்வளர்ச்சி போற்றத்தக்கது. ஐயமில்லை. ஆயினும், ஒரு வளர்ச்சி போற்றத்தக்கது என்பதால் அது முடிவின்றித் தொடர வேண்டும் என்று ஆகிவிடாது. கன்சோல்களுக்கு இனி இன்றியமையாத தேவை மேலும் கூர்மையான படமன்று என்பதே என் கருத்து.

வட்டமும் பலகோணமும்

இக்கருத்தை விளக்கக் கணக்குப் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு வட்டத்தின் உள்ளே ஒழுங்கான அறுகோணம் ஒன்றை வரையுங்கள். வட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ 83 விழுக்காட்டை அது நிரப்பும். பக்கங்களை இரட்டித்துப் பன்னிரு கோணம் ஆக்கினால் 95 விழுக்காட்டிற்குச் சற்று மேல் நிரம்பும். மீண்டும் இரட்டித்து 24 பக்கங்கள் ஆக்கினால் ஏறத்தாழ 99 விழுக்காடு. 48 பக்கங்கள் ஆக்கினால் 99.7 விழுக்காடு. ஒவ்வொரு முறையும் உழைப்பு இரு மடங்காகிறது. பயனோ முன்னைய பயனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

கன்சோலில் நாம் காணும் உருவங்களும் இவ்வாறே சிறு சிறு பலகோணங்களால் கட்டப்படுபவை. 1990களின் நடுவில் முப்பரிமாண விளையாட்டுகள் பரவியபோது, ஒரு மனிதமுகம் மடித்த அட்டைப்பெட்டியைப் போலத் தோன்றியது. அடுத்த தலைமுறைக் கருவியில் அது மனிதமுகமாக மாறியதைக் குழந்தையும் கண்டு வியந்தது. இன்று ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட, இரு படங்களை அருகருகே வைத்து, ஓரிடத்தைப் பெரிதாக்கி, அம்புக்குறியும் இட வேண்டியிருக்கிறது. நாம் அறுகோணத்தில் இல்லை. நாற்பத்தெட்டுக் கோணத்தில் நிற்கிறோம்.

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. பிக்சல் எனப்படும் படப்புள்ளிகள் முழு எச்.டி. திரையில் ஏறத்தாழ 20 இலட்சம். 4கே திரையில் ஏறத்தாழ 83 இலட்சம். குறையில்லாத இயல்பான பார்வை, ஒரு பாகை அகலத்தில் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்தறியும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. 55 அங்குலத் தொலைக்காட்சியை ஒன்பது அடி தொலைவில் அமர்ந்து பார்த்தால், முழு எச்.டி. படமே ஒரு பாகைக்கு 76 புள்ளிகளைத் தந்துவிடுகிறது. அதன்பின் புள்ளிகளை நான்கு மடங்காக்கினால், அவற்றுள் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு எட்டாமலே போகின்றன. எட்டாத புள்ளியை வரையவும் கருவி உழைக்கத்தான் வேண்டும். மின்சாரமும் செலவாகத்தான் செய்யும். உயர்நிலை விளையாட்டின்போது பிளேஸ்டேஷன் 5 ஏறத்தாழ 200 வாட் மின்திறனை இழுக்கிறது. எளிய வரைகலை கொண்ட நின்டெண்டோ சுவிட்ச், தொலைக்காட்சியோடு இணைந்திருக்கும்போதும் 20 வாட்டிற்குள் அடங்குகிறது.

குறையில் பிறந்த நிறை

வரைகலை வலுவிழந்திருந்த காலத்தில் படைப்பும் வலுவிழந்திருந்ததா? வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1981இல் வெளிவந்த 'டாங்கி காங்' விளையாட்டிற்காக ஜப்பானியரான ஷிகெரு மியாமோட்டோ ஒரு கதைமாந்தரை உருவாக்கினார். அவ்வுருவை வரைய அவருக்குக் கிடைத்தவை மிகச் சில படப்புள்ளிகளே. வாயை வரைய இடமில்லை; எனவே பெரிய மூக்கின்கீழ் மீசை வைத்தார். தலைமுடியின் அசைவை வரைய இயலாது. எனவே தொப்பி அணிவித்தார். கையின் அசைவு உடலிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். எனவே சட்டைக்கு ஒரு நிறமும் தோள்பட்டை வைத்த காற்சட்டைக்கு வேறொரு நிறமும் தந்தார். இவ்வாறு பிறந்தவரே உலகம் அறிந்த மாரியோ. 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுகளில் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம்; நிறம் மட்டுமே வேறு. இடத்தை மிச்சப்படுத்தச் செய்த இந்த உத்தியை ஆடியோர் பலர் நெடுநாள் கவனிக்கவே இல்லை.

மற்றுமொரு சான்று, 'டெட்ரிஸ்'. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னவ் அதனை முதலில் உருவாக்கிய கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துக் குறிகளை அடுக்கியே அவர் கட்டங்களைக் காட்டினார். விழும் கட்டத்தைத் திருப்பி இடைவெளியை நிரப்பும் அவ்விளையாட்டு இன்றும் உலகெங்கும் ஆடப்படுகிறது. அதன் இன்பம் படத்தில் இல்லை, விதியில் இருக்கிறது.

1989இல் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதன் திரையில் வண்ணமில்லை. பச்சை கலந்த சாம்பல் நிறத்தின் நான்கு சாயல்களே தெரியும். மறு ஆண்டே செகா நிறுவனம் வண்ணத்திரை கொண்ட 'கேம் கியர்' கருவியைக் கொண்டுவந்தது. படத்தில் அது கேம் பாயை எளிதில் வென்றது. ஆனால் ஆறு மின்கலங்களை மூன்று முதல் ஐந்து மணி நேரத்திற்குள் தீர்த்துவிட்டது. கேம் பாய் நான்கு மின்கலங்களைக் கொண்டு பத்து மணி நேரத்திற்கும் மேல் இயங்கியது. முடிவு என்ன? கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி விற்றது. கேம் பாய், அதன் பிற்கால வண்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடிக்கும் மேல் விற்றது. அதனை வடிவமைத்த குன்பே யோகோய், நன்கு பழகி விலை குறைந்துபோன தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்னும் கொள்கையர். புதியதைத் தேடி ஓடுவதைவிடப் பழையதைப் புதிதாகப் பார்ப்பதே அறிவு என்று அவர் கருதினார்.

2006இலும் இதுவே நிகழ்ந்தது. பிளேஸ்டேஷன் 3 உயர்தெளிவுக் காட்சியைத் தந்தது. அதே ஆண்டில் வந்த நின்டெண்டோ 'வீ' அத்தெளிவைத் தரவில்லை; மாறாக, கையை வீசினால் திரையிலும் மட்டை வீசும் ஒரு புதிய கட்டுப்படுத்தியைத் தந்தது. அதுவரை விளையாடாத முதியோரும் எழுந்து நின்று ஆடினர். 'வீ' 10 கோடிக்கும் மேல் விற்றது. பிளேஸ்டேஷன் 3 ஏறத்தாழ 8.7 கோடியில் நின்றது.

எனினும், எளிய படமே வெற்றிக்கு வழி என்று முடிவுகட்டுவதும் பிழையாகும். அதே நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'வீ யூ' ஒன்றரைக் கோடியைக்கூட எட்டவில்லை. அக்கருவி எதற்கு என்பது மக்களுக்கு விளங்கவில்லை. ஆகவே நாம் பெறும் பாடம் இது: படத்தின் தரம் வெற்றியையும் தோல்வியையும் தனித்து முடிவு செய்வதில்லை, ஆட்டத்தின் கருத்தே முதன்மையாக முடிவு செய்கிறது.

விலை யார் தலையில்?

கூர்மையான படம் இலவசமாகக் கிடைப்பதன்று. 2023இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் தாக்கல் செய்யப்பட்ட ஆவணத்தின் வழியே சில உண்மைகள் வெளியாயின. 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் இரண்டாம் பகுதிக்கு ஆன செலவு 22 கோடி டாலர். 2022இல் வந்த 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' விளையாட்டிற்கு 21.2 கோடி டாலர். முதலாவதன் செலவு 2023ஆம் ஆண்டு மதிப்பில் ஏறத்தாழ 1,800 கோடி ரூபாய். அதே ஆண்டு நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கி நம் நாட்டைத் தலைநிமிரச் செய்த சந்திரயான்-3 திட்டத்திற்கு ஏறத்தாழ 615 கோடி ரூபாயே ஆயிற்று. ஒரு விளையாட்டிற்கு ஆன பணத்தில் ஏறத்தாழ மூன்று நிலவுப் பயணங்களை நடத்தியிருக்கலாம்! விளையாட்டிற்குப் பணம் செலவிடலாகாது என்பதன்று இதன் பொருள். அளவு எங்கே போய் நிற்கிறது என்பதை உணர்த்தவே இவ்வொப்பீடு.

இத்துணைப் பெருஞ்செலவு மூன்று விளைவுகளைத் தருகிறது.

முதலாவது, துணிவு குறைகிறது. ஆயிரம் கோடி ரூபாயை இட்டவர் புதிய முயற்சியில் இறங்க அஞ்சுவார். முன்பு விற்ற விளையாட்டின் அடுத்த பகுதியையே மீண்டும் செய்வார்.

இரண்டாவது, உழைப்போர் வாழ்வு ஆட்டம் காண்கிறது. 2024 சனவரியில் மைக்ரோசாப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதமே சோனி 900 பேரையும் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தன. இதற்குக் காரணங்கள் பல. பெருகிக்கொண்டே செல்லும் தயாரிப்புச் செலவும் அவற்றுள் ஒன்று.

மூன்றாவது, விலை ஏறுகிறது. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு அறிமுகமாயிற்று. பின்னர் அவ்விலை மேலும் உயர்ந்தது. அதற்கென வந்த பெரிய விளையாட்டுகள் சில 4,999 ரூபாய்க்கு விற்றன. 2024 நவம்பரில் வெளிநாடுகளில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோ கருவியின் அப்போதைய விலை ஏறத்தாழ 700 டாலர். அது தந்த முதன்மையான மேம்பாடு எது? மேலும் கூர்மையான படமே.

எம் பள்ளியின் எட்டாம் வகுப்பில் இப்பொருள்பற்றி ஒரு சொற்போர் நடந்தது. "காற்பந்து வீரரின் நெற்றியில் வியர்வைகூடத் தெரிகிறது, மைதானத்தில் நிற்பதுபோல் இருக்கிறது" என்று ஒரு மாணவர் பேசினார். அடுத்து எழுந்த மாணவி, "எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இல்லை. அப்பா பணி முடிந்து வந்தபின் அவருடைய கைப்பேசியில் அரைமணி நேரம் ஆடுவேன். வியர்வை தெரியாததால் என் மகிழ்ச்சி குறைந்ததாக நான் நினைக்கவில்லை" என்றார். இருவர் கூற்றும் உண்மையே. ஆனால் இரண்டாவது குரல் விளம்பரங்களில் ஒலிப்பதில்லை. நம் நாட்டில் காணொளி விளையாட்டு ஆடுவோருள் மிகப் பெரும்பான்மையோர் கைப்பேசியில் ஆடுவோரே. கன்சோல் அவர்களுக்கு எட்ட வேண்டுமெனில் அதன் விலைதான் குறைய வேண்டும். படப்புள்ளிகள் கூட வேண்டியதில்லை.

மறுதரப்பும் கேட்கத்தக்கது

ஒரு கருத்தை நிலைநாட்டுவோர் எதிர்க்கருத்தையும் முழுமையாகக் கேட்டல் வேண்டும். மெய்த்தோற்றத்தால் விளையும் நன்மைகள் சிறியன அல்ல.

பயிற்சிக்கு மெய்த்தோற்றம் உதவுகிறது. 1997இல் தொடங்கிய 'கிரான் டூரிஸ்மோ' கார்ப்பந்தய விளையாட்டு, வண்டியின் இயக்கத்தை உள்ளபடி காட்ட முயன்றது. அவ்விளையாட்டில் சிறந்தோருக்கென நடத்திய தேர்வில் 2011இல் வென்ற ஜான் மார்டன்பரோ என்னும் பிரித்தானிய இளைஞர், பின்னர் உண்மையான பந்தயக் களத்தில் ஓட்டுநரானார். விமானம் ஓட்டும் விளையாட்டுகளும் இத்தகையவே.

கல்விக்கும் மெய்த்தோற்றம் உதவுகிறது. 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையில் 2018இல் பண்டை எகிப்தைச் சுற்றிப் பார்க்கும் ஒரு தனிப்பதிப்பு வெளிவந்தது. அதில் சண்டை கிடையாது. பிரமிடுகளின் நடுவே நடந்து வரலாறு கற்கலாம். அதே வரிசையில் 2014இல் வந்த விளையாட்டு, பாரிசு நகரத்து நோத்ர தாம் பேராலயத்தை மிக நுணுக்கமாக உருவாக்கியிருந்தது. 2019 ஏப்ரலில் அப்பேராலயம் தீக்கிரையானபோது, அந்நிறுவனம் அவ்விளையாட்டை ஒரு வாரம் இலவசமாக வழங்கியது. எரிந்துபோன கூரையின் கீழ் மக்கள் மீண்டும் ஒருமுறை உலவினர்.

இவ்விரு சான்றுகளையும் நான் மறுக்கவில்லை. எனினும் ஒன்றை உற்று நோக்குங்கள். இங்கெல்லாம் மெய்த்தோற்றத்திற்கு ஒரு நோக்கம் உண்டு. வண்டியோட்டக் கற்பிக்கவும் வரலாற்றைக் காட்டவும் அது கருவியாகிறது. 2014ஆம் ஆண்டின் வரைகலையே பேராலயத்தை நம் கண்முன் நிறுத்தப் போதுமானதாக இருந்தது என்பதையும் மறக்கலாகாது. தேவைக்கேற்ற மெய்த்தோற்றம் வேண்டும். மெய்த்தோற்றத்திற்காகவே மெய்த்தோற்றம் வேண்டியதில்லை.

கருவியின் ஆற்றல் வளரவே கூடாது என்றும் நான் கூறவில்லை. அவ்வாற்றலை எங்கே செலவிடுகிறோம் என்பதே வினா. விளையாட்டு விரைந்து தொடங்கவும், அசைவு தடங்கலின்றி ஓடவும், எதிரில் வரும் கதைமாந்தர் அறிவோடு மறுமொழி கூறவும் அதனைச் செலவிடலாம். மேலே செலவுக்குச் சான்றாகக் கூறிய 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பகுதி பெரியோர்க்கான விளையாட்டு. அதில் ஒரு நற்பண்பும் உண்டு. பார்வைக் குறை, செவிக் குறை, உடலியக்கக் குறை உடையோரும் ஆடுவதற்கென 60க்கும் மேற்பட்ட வசதிகள் அதில் உள்ளன. எழுத்தைப் பெரிதாக்கலாம், திரையில் உள்ளதை ஒலியாகக் கேட்கலாம், எதிரியையும் நண்பரையும் வேறுபட்ட ஒற்றை நிறங்களில் காணலாம். அந்த இறுதி வசதியை இயக்கினால் உண்மைத் தோற்றம் முழுவதும் மறைந்துவிடுகிறது. ஆனால் ஆட்டம் மறைவதில்லை. அதுவரை ஆட இயலாதவருக்கு அப்போதுதான் ஆட்டமே தொடங்குகிறது.

உலகியலும் நாடகமும்

மெய்யை அப்படியே படியெடுப்பதுதான் கலையா? இவ்வினாவைத் தமிழ் இலக்கணம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. உலகில் நிகழ்வதை உள்ளவாறு கூறுவது உலகியல் வழக்கு. சுவைபடப் புனைந்து கூறுவது நாடக வழக்கு. இவ்விரண்டும் கலந்து அமைவதே அகப்பாடலுக்குரிய புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியர் கொள்கை. உலகியல் மட்டும் இருந்தால் அது செய்தி. நாடகம் மட்டும் இருந்தால் அது கனவு. இரண்டும் அளவோடு சேர்ந்தால் அது கலை.

சதுரங்கப் பலகையை நோக்குங்கள். அதில் குதிரை என்பது கழுத்தும் தலையும் மட்டுமே உடைய ஒரு மரத்துண்டு. யானையைக் குறிக்கும் காய்க்குத் துதிக்கைகூட இல்லை. எனினும் அப்பலகையின் எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு பெரும்போரையே நிகழ்த்துகின்றனர். அக்குதிரைக்குப் பிடரிமயிரும் கனைப்பும் சேர்த்தால் ஆட்டம் சிறக்குமா? சிறக்காது. காட்டாது விட்ட இடத்தைக் கற்பனை நிரப்புகிறது. கற்பனை உழைக்கும்போதுதான் ஆடுபவர் ஆட்டத்தின் பங்காளி ஆகிறார்.

மெய்யை மிக நெருங்குவதிலும் ஓர் இடர் உண்டு. ஜப்பானிய இயந்திரமனிதவியல் அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் ஒரு கருத்தை வெளியிட்டார். ஓர் இயந்திரம் மனிதனைப் போன்று ஆக ஆக நமக்கு அதன்மீது ஈர்ப்பு வளர்கிறது. ஆனால் மனிதனை ஏறத்தாழ ஒத்து, முழுமையாக ஒவ்வாத நிலையில், அவ்வீர்ப்பு திடீரென விலக்கமாக மாறிவிடுகிறது. அந்தச் சரிவை அவர் ஒரு பள்ளத்தாக்காக வரைந்து காட்டினார். உயிரற்ற விழியோடு புன்னகைக்கும் விளையாட்டு மாந்தரைக் கண்டு நாம் கூசுவது இதனால்தான். கோட்டோவியமாக வரைந்த பூனை சிரித்தால் நமக்கு அவ்வாறு தோன்றுவதில்லை.

மேலும், மெய்த்தோற்றம் விரைவில் மூப்படைகிறது. அன்று உண்மைபோலத் தோன்றியது இன்று பொம்மைபோலத் தோன்றுகிறது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் வெளிவந்த 'செல்டா: விண்ட் வேக்கர்' விளையாட்டு, கேலிச்சித்திரம்போல் வரையப்பட்டிருந்தது. "இது சிறுபிள்ளைத்தனம்" என்று அன்று பலர் குறைகூறினர். ஆனால் அக்காலத்து மெய்த்தோற்ற விளையாட்டுகள் மங்கிவிட, அதன் நீலக்கடல் இன்றும் பொலிவோடு விளங்குகிறது. தனக்கென ஒரு பாணி கொண்டது காலத்தை வெல்கிறது.

நம் கைக்கு எட்டும் கலை

உலகில் மிகுதியாக விற்ற காணொளி விளையாட்டு எது? 2011இல் முழுமையாக வெளிவந்த 'மைன்கிராஃப்ட்'. 2023இல் அதன் விற்பனை 30 கோடிப் படிகளைக் கடந்ததாக அறிவிக்கப்பட்டது. அதில் மரமும் மாடும் கதிரவனும் சதுரக் கட்டைகளே. 2016இல் வந்த 'ஸ்டார்டியூ வேலி' என்னும் வேளாண்மை விளையாட்டின் படம், இசை, கதை, நிரல் அனைத்தையும் எரிக் பரோன் என்னும் ஒருவரே நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து உருவாக்கினார். பழங்காலப் புள்ளிப் பாணியில் அமைந்த அது 4 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. புனேயிலுள்ள ஒரு சிறு குழு 'ராஜி' என்னும் விளையாட்டை 2020இல் கன்சோல்களுக்காக வெளியிட்டது. அரக்கரிடமிருந்து தன் தம்பியை மீட்கப் புறப்படும் சிறுமியின் கதை அது. பெருநிறுவனங்களின் மெய்த்தோற்றத்தோடு போட்டியிட அக்குழுவிடம் பணமில்லை. எனவே கதைப்பகுதிகளைப் பாவைக்கூத்தின் நிழலுருவங்களைப் போல் அமைத்தது. வறுமையை மறைக்க வந்த உத்தி, அவ்விளையாட்டின் அடையாளமாகவே ஆயிற்று.

தமிழ் படிக்கும் நாம் அறிய வேண்டிய மற்றொன்று, 'வெண்பா'. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு 2023இல் அதனைக் கன்சோல்களிலும் கணினியிலும் வெளியிட்டது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்னும் இணையரும் அவர்தம் மகன் கவினும் அதன் மாந்தர். தன் தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மங்கியும் போயிருக்க, அழிந்துபோன வரிகளை உய்த்துணர்ந்து வெண்பா சமைக்கிறாள். இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி சரியாகப் பரவும் என்பதுதான் முதற்புதிர். மகன் வளர வளரத் தாய்மொழியிலிருந்தும் தாயிடமிருந்தும் விலகுகிறான்; பின்னர் அந்தக் குறிப்பேட்டின் வழியாகவே அவளை நெருங்குகிறான்.

இவ்விளையாட்டின் ஓவியங்கள் தட்டையானவை. பட்டையான வண்ணங்களால் ஆனவை. வியர்வையும் இல்லை, கண்ணாடி நிழலும் இல்லை. முழுவதையும் ஆடி முடிக்க இரண்டு மணி நேரம்கூடத் தேவையில்லை. எனினும் 2024ஆம் ஆண்டு பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில், சிறந்த அறிமுக விளையாட்டாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் சென்று, வேற்றுமொழிச் சூழலில் வாரத்தில் சில மணி நேரமே தமிழ் கற்கும் மாணவருக்கு, கவினின் தவிப்பு அயலானது அன்று. அத்தவிப்பைப் படப்புள்ளிகளால் பெருக்கிக் காட்ட இயலாது. அதனை உணர்ந்த ஒருவர் கதையாக்க வேண்டும், அவ்வளவே.

இங்குதான் இவ்வினா நம் வாழ்வைத் தொடுகிறது. 1,800 கோடி ரூபாய் செலவிட்டால்தான் ஒரு விளையாட்டு மதிக்கப்படும் என்னும் நிலை நிலைபெற்றால், தமிழிலோ, மைதிலியிலோ, மிசோவிலோ ஒரு கதை கன்சோல் திரையை எட்டவே எட்டாது. செலவைத் தாங்கும் சில நகரங்களின் கதைகளையே உலகம் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும். படத்தின் கூர்மையைவிடக் கதையின் உண்மையை நாம் மதிக்கத் தொடங்கினால், உங்கள் தெருவிலும் உங்கள் அடுக்களையிலும் ஒரு நல்ல விளையாட்டு பிறக்கக்கூடும்.

ஆகவே, கன்சோல் செய்வோரிடம் நாம் வைக்க வேண்டிய வேண்டுகோள்கள் சில. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் கருவியைத் தாருங்கள். மின்சாரத்தைக் குறைவாகப் பயன்படுத்தச் செய்யுங்கள். குறையுடையோரும் ஆடும் வசதிகளை எல்லா விளையாட்டிலும் கட்டாயமாக்குங்கள். பல மொழிகளில் எழுத்தையும் பேச்சையும் சேருங்கள். சிறு குழுக்களின் படைப்புக்கும் கடைமுகப்பில் இடம் கொடுங்கள். இவற்றை எல்லாம் நிறைவேற்றியபின், எஞ்சிய ஆற்றலில் நீரின் அலையை இன்னும் மெய்போல் வரைவீர்களாயின், அதனையும் மகிழ்ந்தே காண்போம்.

வாங்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. புதிய விளையாட்டைக் கண்டதும் "படம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பது நம் வழக்கம். இனி, "இது என்னை என்ன சிந்திக்க வைக்கிறது? யாருடைய கதையைச் சொல்கிறது? என்னோடு யாரெல்லாம் சேர்ந்து ஆட முடியும்?" என்றும் கேட்போம். நாம் கேட்கும் வினா மாறினால், அவர்கள் தரும் விடையும் மாறும்.

கற்பவை கற்றபின்

1. வட்டம், பலகோணம் ஆகியவற்றைக் கொண்டு கட்டுரையாசிரியர் நிறுவும் கருத்தை உம் சொற்களில் எழுதுக.

2. கேம் பாய், கேம் கியர் ஆகிய கருவிகளை ஒப்பிட்டு, ஒன்று மிகுதியாக விற்றமைக்கான காரணங்களை விளக்குக.

3. 'தேவைக்கேற்ற மெய்த்தோற்றம்' என்பதற்கு இக்கட்டுரையில் இல்லாத எடுத்துக்காட்டு ஒன்று தருக.

4. உலகியல் வழக்கு, நாடக வழக்கு ஆகியவற்றை நீவிர் அண்மையில் கண்ட திரைப்படம் ஒன்றோடு பொருத்திக் காட்டுக.

5. கட்டுரையாசிரியரின் கருத்தை மறுத்து, 'கன்சோல்களின் வரைகலை மேலும் வளர வேண்டும்' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் சொற்போர் உரை எழுதுக.

6. உம் வீட்டிலோ தெருவிலோ நிகழ்ந்த ஒன்றை விளையாட்டாக மாற்றுவதாயின், அதன் கதை, விதி, வெற்றி ஆகியவை எவ்வாறு அமையும்? படம் வரையாமல், சொற்களால் மட்டும் விளக்குக.